64 பக்கத்தில் ஒரு பக்கம்: எங்கள் தெரு கிளினிக்கின் ஓமிக்ஸ் பேக்கேஜ்

பெங்களூர் அல்சூரில் மருந்துக்கடை வைத்து 31 வருஷம் ஆகிறது. "இந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கலை, வேற குடுங்க" என்று என் கல்லாவுக்கு எதிரே வந்து நிற்காத ஆள் இந்தத் தெருவில் குறைவு. நான் சொல்லும் பதில், "டாக்டரைக் கேளுங்க." டாக்டர் சொல்லும் பதில், "இன்னும் பத்து நாள் சாப்பிட்டுப் பாருங்க." யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளும் என்பதை முன்கூட்டியே சொல்கிறோம் என்று, கடையிலிருந்து நாலு கட்டடம் தள்ளி இருக்கும் குடும்ப கிளினிக்கில் பொங்கல் முடிந்த கையோடு ஒரு போர்டு வைத்தார்கள். நானும் என் மனைவியும் பணம் கட்டினோம்.

கிளினிக் பெயரும் டெஸ்ட் செய்த கம்பெனி பெயரும் இங்கே வராது. அவர்கள் சீட்டு தினமும் என் கடைக்கு வருகிறது. புகழ்ந்தால் கமிஷன் என்பார்கள், குறை சொன்னால் தகராறு என்பார்கள். இரண்டும் எனக்கு வேண்டாம்.

ஒருத்தருக்கு 14,000 ரூபாய், தம்பதியாக வந்தால் 24,000. இதற்கு நாலு சங்கதி: மரபணு, மெட்டபாலிசம், குடலில் இருக்கும் கிருமிகள், கடைசியில் "உங்கள் உடலுக்கென்றே" ஒரு சாப்பாட்டுத் திட்டம். கூடவே டாக்டரம்மாவோடு இரண்டு முறை உட்கார்ந்து பேசலாம். ஓமிக்ஸ் என்றால் என்ன என்று மனைவி கேட்டாள். உடம்பில் இருக்கும் மரபணு, ரசாயனம், கிருமி என்று ஒவ்வொரு வகையையும் மொத்தமாக அளந்து பார்ப்பது என்று கடை பாஷையில் சொன்னேன். மரபணு நம் கடையின் லைசென்ஸ் மாதிரி, ஒருமுறை எடுத்தால் அதில் எழுதியது மாறாது. ரத்தத்தில் ஓடும் மெட்டபாலைட்டுகள், அதாவது சர்க்கரை மாதிரி சின்ன ரசாயனங்கள், கல்லாப்பெட்டி மாதிரி, காலையில் ஒரு கணக்கு, மத்தியானம் ஒரு கணக்கு. இந்த வித்தியாசம் பின்னால் என் காலையே வாரிவிடப் போகிறது என்று அப்போது தெரியாது.

எங்களுக்கு அவசரம் இருந்தது. அதற்கு ஐந்து மாதம் முன்னால்தான் மனைவிக்கு இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். வயது 61. ரத்தம் கட்டாமல் இருக்க ஆஸ்பிரின் 75, குளோபிடோக்ரெல் 75, ராத்திரிக்குக் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஒரு ஸ்டாடின், வயிற்றுக்குப் பேன்டோபிரசோல். திங்கள் முதல் ஞாயிறு வரை கட்டம் போட்ட டப்பாவில் ஸ்ட்ரிப்பை வெட்டி நானேதான் நிரப்புவேன். ஒரு வேளை தவறியதில்லை.

எனக்கு வேறு பிரச்சினை. போன வருஷம் கொலஸ்ட்ராலுக்கு ரோசுவாஸ்டாடின் எழுதிக் கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் தொடையும் கெண்டைக்காலும் வலி. ஸ்டாடின்தான் காரணம் என்று நானே முடிவு கட்டி, யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிட்டேன். மருந்துக்கடைக்காரன் செய்யக்கூடாத வேலை. மற்றவர்கள் செய்தால் கத்துவேன்.

முதல் சந்திப்பு 40 நிமிடம். டெஸ்ட் பற்றிப் பேச்சே எடுக்காமல் ஒரு வெள்ளைத்தாளில் எங்கள் இரண்டு குடும்பத்தின் மரத்தையும் வரைந்தார் டாக்டரம்மா. யார் எந்த வயதில் போனார்கள், எதனால், சொந்தத்தில் கல்யாணமா, மயக்க மருந்து கொடுத்தபோது யாருக்காவது தொந்தரவு வந்ததா. "நீங்க எந்தச் சமூகம் அங்கிள்?" என்றும் கேட்டார். முகம் சுளித்துவிட்டேன் போலிருக்கிறது, உடனே விளக்கினார். ஆரிய வைசியர் சமூகத்தில் சிலருக்கு ஒரு என்சைம் பிறவியிலேயே குறைவு. ஆபரேஷனில் தசையைத் தளர்த்தக் கொடுக்கும் சக்சினைல்கோலின் அவர்களுக்குச் சில நிமிடங்களில் தெளியாது, நேரக்கணக்கில் வென்டிலேட்டரில் வைக்க வேண்டி வரும். அதனால் தென்னிந்தியாவில் விவரம் தெரிந்த மயக்க டாக்டர்கள் இதைக் கேட்பார்களாம். ஒரு கேள்வி, செலவு பூஜ்யம். எனக்கு அந்த இடத்திலேயே டாக்டரம்மா மேல் மரியாதை வந்துவிட்டது.

சம்மதப் படிவம் ஆறு பக்கம். நாலாவது பக்கத்தில், எங்கள் மரபணுத் தகவலைக் கம்பெனியின் "கூட்டாளிகளுக்கு" கொடுக்கலாம் என்ற இடத்தில் ஏற்கெனவே டிக் அடித்து அச்சாகி வந்திருந்தது. பேனாவால் அடித்துக் கையெழுத்துப் போட்டேன். ரிசப்ஷனில் இருந்த பெண் இதுவரை யாரும் அப்படிச் செய்ததில்லை என்றாள். நீங்கள் போனால் நாலாவது பக்கத்தைப் படியுங்கள்.

மரபணுவுக்குக் கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக்குச்சியால் தேய்த்து எடுத்தார்கள். அரைமணி நேரம் முன்னால் எதுவும் சாப்பிடக்கூடாது. நான் காபி குடித்துவிட்டுப் போய் இல்லை என்று தலையாட்டினேன். பலன், "டி.என்.ஏ. போதவில்லை" என்று என் மாதிரி திரும்பி வந்து மறுபடியும் தேய்க்க வேண்டியதாயிற்று. 21 நாளில் வரும் என்ற ரிப்போர்ட் 37-ஆம் நாள் வந்தது. அதில் பாதிப் பழி என் காபிக்கு.

மெட்டபாலிசம் டெஸ்டின் ரத்தத்தை எடுக்க ஒரு பையன் வீட்டுக்கே வந்தான். மணி 7:10. வெறும் வயிறு. வழக்கம்போல் நான் என் குளுக்கோமீட்டரில் பார்த்து நோட்டில் எழுதியிருந்தேன்: 104. பையன் பதமாகத்தான் குத்தினான், குறை சொல்ல மாட்டேன். அப்புறம் டியூப்களை ஒரு துணிப்பைக்குள் போட்டான். பையில் ஐஸ் பேக் ஒன்று இருந்தது. தொட்டுப் பார்த்தேன், உள்ளே தண்ணீர் குலுங்கியது. இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்து விற்கிறவன் நான். கரன்ட் போனால் பிரிட்ஜைத் திறக்கவே விடமாட்டேன். "தம்பி, இது நேரா லேபுக்குத்தானே?" என்றேன். "இன்னும் அஞ்சு வீடு இருக்குண்ணா, இந்திராநகர் முடிச்சு அப்படியே மாரத்தஹள்ளி போயிட்டு கொடுத்துருவேன்" என்றான். பழைய மெட்ராஸ் ரோட்டில் அந்த நேரத்து டிராபிக்கை நினைத்துக்கொண்டே கதவைச் சாத்தினேன்.

ரிப்போர்ட்டில் என் சர்க்கரை 76. பக்கத்தில் பச்சை வட்டம், "மிகச் சிறப்பு" என்று பாராட்டு. ரத்தத்தைப் பிரிக்காமல் அறை வெப்பத்தில் வைத்தால் அதில் இருக்கும் ரத்த அணுக்களே சர்க்கரையைத் தின்றுகொண்டிருக்கும், மணிக்கு நூற்றுக்கு 5 முதல் 7 பங்கு போகும். டி.பார்ம். முதல் வருஷம் படித்தவனுக்குக்கூடப் புரியும் கணக்கு: நாலைந்து மணி நேரம் என் ரத்தம் ஊர் சுற்றியிருக்கிறது. அணுக்கள் இப்படிச் சர்க்கரையைத் தின்றால் மிஞ்சும் லாக்டேட் ஏறும், அதுவும் ஏறியிருந்தது. அதற்குச் சிவப்பு வட்டம், "மைட்டோகாண்ட்ரியா சோர்வு" என்று ஒரு நோய்ப்பெயர் (செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் பகுதிதான் மைட்டோகாண்ட்ரியா), கீழேயே அதே கம்பெனியின் 2,400 ரூபாய் மாத்திரை டப்பாவுக்கு லிங்க். சோர்வு எனக்கில்லை, அந்த ஐஸ் பேக்குக்கு. டாக்டரம்மாவிடம் நோட்டைக் காட்டினேன். பார்த்துவிட்டு, மெட்டபாலிசம் பகுதி 18 பக்கத்தையும் என் கண் முன்னாலேயே மடித்து ஓரமாக வைத்துவிட்டார்.

குடல் கிருமி டெஸ்டுக்கு வந்த டப்பாவை மனைவி திறக்கவே இல்லை. "இதை நான் கொரியர் பண்ணுவேனா?" அதோடு முடிந்தது அந்தக் கதை. சாப்பாட்டுத் திட்டத்தில் கினோவா இருந்தது, அவகாடோ இருந்தது, புளூபெர்ரி இருந்தது. ராகி மட்டும் ஒரு வரியில்கூட இல்லை. ராகி விளையும் மண்ணில் உட்கார்ந்துகொண்டு இதைத் தயாரித்திருக்கிறார்கள்.

இனி 41-ஆம் பக்கம்.

மொத்தம் 64 பக்கத்தில் மருந்துக்கும் மரபணுவுக்கும் உள்ள உறவைச் சொல்வது இந்த ஒரு பக்கம்தான். 12 மரபணு, 12 வரி. மனைவியின் தாளில் மூன்றாவது வரி சிவப்பு. சி.ஒய்.பி.2சி19 என்ற மரபணு, அம்மா வழி அப்பா வழி இரண்டிலும் ஸ்டார் 2 என்ற வகை. "பூவர் மெட்டபாலைசர்." பேர் எப்படியோ இருக்கட்டும், அர்த்தம் இதுதான். குளோபிடோக்ரெல் வாயில் போடும்போது இன்னும் மருந்து ஆகவில்லை. கல்லீரலில் இருக்கும் இந்த என்சைம் அதைச் சமைத்த பிறகுதான் ரத்தத் தட்டணுக்களை ஒட்டவிடாமல் செய்யும். மனைவிக்கு அந்த அடுப்பு பற்றவே இல்லை. ஆறு மாதமாக நான் வேளை தவறாமல் கொடுத்தது அரிசி, சோறு இல்லை.

டாக்டரம்மா சொல்லி முடித்ததும் கொஞ்ச நேரம் என்னால் பேச முடியவில்லை. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எப்.டி.ஏ. 2010 மார்ச்சிலேயே குளோபிடோக்ரெல் பெட்டியின் எச்சரிக்கைக் கட்டத்தில் இதைச் சேர்க்கச் சொல்லிவிட்டது. அப்போதிலிருந்து எத்தனை ஆயிரம் ஸ்ட்ரிப் என் கையால் போயிருக்கும்! இந்த மருந்தோடு வயிற்று மாத்திரையான ஓமெபிரசோல் எழுதி வரும் சீட்டைப் பார்த்தால், டாக்டருக்கே போன் போட்டு மாற்றச் சொல்லும் ஆள் நான், ஏனென்றால் ஓமெபிரசோல் இதே என்சைமை மந்தப்படுத்தும். அவ்வளவு தெரிந்தவன் என்று எனக்குள் ஒரு பெருமை. மாத்திரையால் மந்தமாவது தெரியும், பிறப்பிலேயே மந்தமாக இருக்கலாம் என்பது வீட்டுக்குள் வரும்வரை மண்டையில் உறைக்கவில்லை. ஐரோப்பியரில் இப்படி இருப்பவர் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர். நம் பக்கம் பத்துப் பேருக்கு ஒருவர் அளவுக்கு வரும்.

இதில் டாக்டரம்மா செய்த ஒரு காரியத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். மருந்தை அவரே மாற்றவில்லை. "ஸ்டென்ட் வச்சவரைக் கேட்காம இதைத் தொடக்கூடாது, நிறுத்தவும் கூடாது" என்று சொல்லி, ஒன்றரைப் பக்கம் கடிதம் எழுதி, 41-ஆம் பக்கத்தின் நகலை இணைத்து இதய டாக்டருக்கு அனுப்பினார். அங்கே போனால், "யார் உங்களை இதெல்லாம் எடுக்கச் சொன்னது?" என்றுதான் வரவேற்பு. ஸ்டென்ட் வைத்த எல்லாருக்கும் இதைக் கட்டாயம் செய் என்று எந்தப் பெரிய வழிகாட்டுதலும் சொல்லவில்லை என்றார், அது நிஜம்தான். அப்புறம் கடிதத்தைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றி மறுபடியும் படித்தார். "கையில வந்த பிறகு பார்க்காத மாதிரி இருக்க முடியாது" என்று சொல்லி டிகாகிரெலருக்கு மாற்றினார். அதற்கு இந்த அடுப்பு தேவையில்லை, நேராக வேலை செய்யும்.

டிகாகிரெலரும் லேசுப்பட்ட மருந்து இல்லை. தினம் இரண்டு வேளை. நாலாவது நாள் மாடிப்படி ஏறும்போது மனைவிக்கு மூச்சு வாங்கியது. "ஏங்க, மறுபடியும் அடைப்பா?" என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ராத்திரி பத்து மணிக்கு டாக்டரம்மாவுக்கு வாட்ஸாப்பில் அனுப்பினேன், பத்து நிமிடத்தில் போன் வந்தது. படுத்தால் மூச்சு முட்டுகிறதா, நெஞ்சு வலி, வியர்வை, கால் வீக்கம் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, மறுநாள் காலை நேரில் வரச் சொல்லி ஈ.சி.ஜி. எடுத்தார். அந்த மருந்தின் தெரிந்த பக்கவிளைவுதான், பலருக்குத் தானே அடங்கும் என்றார். இரண்டு வாரத்தில் அடங்கியது. பல் துலக்கும்போது கொஞ்சம் ரத்தம் வருகிறது, மென்மையான பிரஷ் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

இப்போது என் கால் வலியைப் பற்றி. என் தாளில், ஸ்டாடினால் தசை வலி வரும் வாய்ப்பைச் சொல்லும் எஸ்.எல்.சி.ஓ.1பி1 மரபணுவின் வரி பச்சை, எந்தக் கோளாறும் இல்லை. இந்த மரபணுவின் மகிமை 2008-இல் சிம்வாஸ்டாடின் 80 மில்லிகிராம் சாப்பிட்டவர்களிடம் கண்டுபிடித்தது. சிம்வாஸ்டாடின் என் கடையில் நகர்வதே இல்லை, ரோசுவாவுக்கு இந்த மரபணு அவ்வளவு பெரிய விஷயமும் இல்லை. ரிப்போர்ட்டை மட்டும் கையில் வைத்திருந்தால் நான் குழம்பித்தான் இருப்பேன். டாக்டரம்மா தைராய்டுக்கான சாதாரண ரத்த டெஸ்ட் டி.எஸ்.எச். எழுதினார். 280 ரூபாய். 14.2 வந்தது, அதிகம்; தைராய்டு மந்தம் என்று அர்த்தம். தைராய்டு சுருதி இறங்கியிருந்தால் தசை வலிக்கும், ஸ்டாடின் சேர்ந்தால் இன்னும் வலிக்கும். தைராக்சின் 50 தொடங்கி இரண்டு மாதத்தில் கால் வலி போயிற்று, ரோசுவாவும் திரும்ப ஆரம்பித்தாயிற்று. 31 வருஷமாகத் தைராய்டு மாத்திரை விற்கிறேன், எனக்கு எடுத்துப் பார்க்கத் தோன்றவில்லை பாருங்கள்.

மனைவியின் 52-ஆம் பக்கத்தைப் பார்த்துச் சிரித்தோம். "இதயநோய் அபாயம்: சராசரிக்குக் கீழே." நெஞ்சுக்குள் ஸ்டென்ட் இருக்கிற மனுஷிக்கு! நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன மரபணு மாற்றங்களைக் கூட்டிப் போடும் மதிப்பெண் அது. பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் தகவலை வைத்து உருவாக்கியது, நம்மிடம் கொண்டுவந்தால் குறி தவறும். நம் மக்களின் 10,000 மரபணுத் தொகுப்புகளைப் படித்த ஜீனோம் இந்தியா திட்டத்தை ஒருங்கிணைத்ததே இந்த ஊர் இந்திய அறிவியல் கழகத்தின் (ஐ.ஐ.எஸ்.சி.) மூளை ஆய்வு மையம்தான். அந்தத் தகவல் ஆராய்ச்சியாளர்களுக்குத் திறக்கப்பட்டது 2025 ஜனவரியில். அதிலிருந்து மதிப்பெண் தயாராகி என் தெருவுக்கு வரட்டும், அப்போது பார்க்கலாம். அதற்குள் டாக்டரம்மா பேக்கேஜில் இல்லாத ஒன்றைத் தனியாக எடுக்கச் சொன்னார்: லிப்போபுரோட்டீன் ஏ, ரத்தக் கொழுப்பில் ஒரு வகை. பரம்பரையாக வருவது, ஆயுளில் ஒரு தடவை பார்த்தாலே பெரும்பாலும் போதும். மனைவிக்கு 92. ஐம்பதைத் தாண்டினாலே அதிகம். மகனையும் எடுக்கச் சொல்லியிருக்கிறோம், "அடுத்த வாரம்" என்று மூன்று வாரமாகச் சொல்கிறான்.

ஐரோப்பாவில் ஏழு நாட்டில் கிட்டத்தட்ட 7,000 பேரிடம் இதே போல் 12 மரபணு பார்த்து மருந்து கொடுத்ததில் பக்கவிளைவுகள் நூற்றுக்கு 30 குறைந்ததாக 2023-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வைக் காட்டினார் டாக்டரம்மா. ஐரோப்பாதானே என்று இழுத்தேன். "அதனாலதான் அங்கிள் நான் 41-ஆம் பக்கத்தை மட்டும் பேசறேன்" என்றார். பிறகு போர்டில் ஏன் நாலும் இருக்கிறது என்று கேட்டேன். கம்பெனி தனித்தனியாகத் தருவதை விளம்பரம் செய்வதில்லை, கேட்டால் தருவார்கள் என்றார். கேட்டேன். மருந்து மரபணு மட்டும் 6,500 ரூபாய். இது முதலிலேயே தெரிந்திருந்தால் இரண்டு பேருக்கும் சேர்த்து 11,000 மிச்சம். இதைச் சொல்லாதது கிளினிக்கின் தப்பு, டாக்டரம்மா முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன்.

என் கஸ்டமர் ஒருத்தர் போன மாதம் மகனுக்கு வலிப்பு மருந்து கார்பமசெபின் சீட்டோடு வந்தார். அதைத் தொடங்கும் முன் எச்.எல்.ஏ.-பி 15:02 என்ற ஒரு மரபணு வகையை மட்டும் பார்க்க வேண்டுமா என்று அதே டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டு வரச் சொன்னேன். அது இருப்பவர்களுக்குத் தோல் முழுக்கக் கொப்புளித்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஆசிய வம்சாவளியினருக்கு முதலில் டெஸ்ட் எடுக்கச் சொல்லி எப்.டி.ஏ. 2007-இலேயே எச்சரித்தது. பேக்கேஜ் தள்ளாமல் அந்த ஒரு டெஸ்டை மட்டும் எழுதிக் கொடுத்திருக்கிறார். போர்டு எப்படி இருந்தாலும் ஆள் நல்ல ஆள்.

41-ஆம் பக்கத்தைச் சின்னதாக நகலெடுத்து லேமினேஷன் செய்து மனைவியின் பர்ஸில் ஆதார் அட்டைக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். கடை பில்லிங் சாப்ட்வேரில் அவள் பெயருக்கு எதிரே "குளோபி கூடாது" என்று ஒரு குறிப்பும் போட்டாயிற்று.

போக நினைப்பவர்களுக்கு: சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் போகாதீர்கள், கூட்டத்தில் 40 நிமிடம் கிடைக்காது. செவ்வாய், வியாழன் காலை தேவலை. தற்போது சாப்பிடும் மருந்துகளின் அட்டையை அப்படியே கொண்டு போங்கள், பெயர் சொன்னால் பாதி தப்பாகத்தான் சொல்வோம். காபி குடிக்காதீர்கள்.

டாக்டருக்கு ஐந்து நட்சத்திரம், 41-ஆம் பக்கத்துக்கு ஐந்து, கம்பெனிக்கு ஒன்று. ரிப்போர்ட் வந்ததிலிருந்து மைட்டோகாண்ட்ரியா மாத்திரைக்காக வாரம் இரண்டு போன் வருகிறது. கெட்டுப்போன ரத்தத்துக்கான பணத்தைத் திருப்பிக் கேட்டு மெயில் அனுப்பி 26 நாள் ஆகிறது. அடுத்த ஆர்டரில் 15 சதவீதம் தள்ளுபடி தருகிறோம் என்று பதில் வந்தது. ஆர்டர் எதுவும் இல்லை, பணம்தான் வேண்டும் என்று மறுபடி எழுதியிருக்கிறேன். வந்தால் இங்கேயே திருத்திப் போடுகிறேன்.